மருந்து தோற்கும் கோட்டை

திருச்சிராப்பள்ளிக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "மலை தெரிகிறது, கோட்டை எங்கே?" இவ்வூர்ப் பெரியவர்கள் அவர்களை மெயின்கார்டு கேட் பக்கம் அழைத்துச் சென்று அந்தப் பழைய வாயிலைக் காட்டுவார்கள். ஒரு காலத்தில் மலையையும் ஊரையும் வளைத்து அகழி ஓடியது. அகழிக்கு உட்புறம் ஒன்றினுள் ஒன்றாக இரண்டு மதில்கள் நின்றன. 1751ஆம் ஆண்டு நவாப் முஹம்மது அலி உள்ளே இருக்க, சந்தா சாஹிபின் படை வெளியே நின்று மாதக்கணக்கில் முற்றுகையிட்டது. கோட்டை வீழவில்லை. 1752இல் ஸ்ரீரங்கத் தீவுக்குள் ஒதுங்கிய முற்றுகைப் படைதான் இறுதியில் சரணடைந்தது. பின்னர் 19ஆம் நூற்றாண்டில் மதில்கள் இடிக்கப்பட்டன, அகழி தூர்க்கப்பட்டது, அந்த ஒரு வாயில் எஞ்சியது.

வாசக நேயர்களே! வரலாறு பேசுவது இம்மாதம் நம் நோக்கமன்று. இதே போன்ற இரட்டை அரண் கொண்ட கோட்டைகள் கோடிக்கணக்கில் நம் ஒவ்வொருவருடைய குடலுக்குள்ளும் இருக்கின்றன. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஐந்நூறு கோட்டைகளை வரிசையாக நிறுத்தி வைக்கலாம்; அவ்வளவு சிறியவை. ஈ.கோலை, கிளெப்சியெல்லா என்னும் பாக்டீரியாக்களே அவை. குடலில் இருக்கும்வரை பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. ஆனால் சிறுநீர்ப் பாதையிலோ, நுரையீரலிலோ, இரத்தத்திலோ புகுந்துவிட்டால் உயிருக்கே உலை வைப்பவை. அவற்றை முற்றுகையிட நம்மிடம் இருக்கும் படைக்குத்தான் ஆன்டிபயாடிக் என்று பெயர். அந்தப் படை இப்போது கோட்டை வாயிலில் தோற்று நிற்கிறது. ஏன் தோற்கிறது, அதில் நம் வீட்டு மருந்து அலமாரிக்கு என்ன பங்கு என்பதைத்தான் இம்மாதம் பார்க்கப் போகிறோம்.

கொத்தனாரின் கையைக் கட்டும் மருந்து

பாக்டீரியாவின் உடலைச் சுற்றி உறுதியான ஒரு சுவர் உண்டு. அச்சுவர் ஒருமுறை கட்டி முடித்துவிட்டதன்று. பாக்டீரியா வளர வளர, பிளவுபட்டு இரண்டாகப் பெருகப் பெருக, இடைவிடாது கட்டப்பட்டுக்கொண்டே இருப்பது. அதைக் கட்டுவதற்கென்றே கொத்தனார்களைப் போன்ற சில புரதங்கள் உள்ளே வேலை செய்கின்றன. பென்சிலின் என்ன செய்கிறது? நிற்கின்ற சுவரை அது இடிப்பதில்லை. கொத்தனார் எடுத்து வைக்கும் செங்கல்லின் சாயலிலேயே அமைந்திருப்பதால், அவர் அதைச் செங்கல் என்று எண்ணிக் கையில் எடுக்கிறார். எடுத்த மாத்திரத்தில் அது அவர் கையோடு ஒட்டிக்கொண்டு விடுகிறது. கட்டுமானம் நின்று, சுவர் பலவீனமாகி, உள்ளிருக்கும் அழுத்தத்தைத் தாங்கமாட்டாமல் பாக்டீரியா வெடித்துச் சிதறுகிறது. மனித உடலின் செல்களுக்கு இத்தகைய சுவர் கிடையாது. ஆகவே பகைவனைக் கொல்லும் அதே மருந்து நம்மைப் பெரும்பாலும் தீண்டுவதில்லை.

பென்சிலின் மட்டுமன்று, அமாக்சிசிலின், செஃபிக்சிம், மருத்துவமனைகளில் நரம்பு வழியாக ஏற்றப்படும் மெரோபெனம் ஆகிய அனைத்தும் ஒரே குடும்பம். இக்குடும்பத்தின் முத்திரை, மூன்று கரியணுக்களும் ஒரு நைட்ரஜன் அணுவும் சேர்ந்த சிறிய நாற்கோண வளையம். பீட்டா-லாக்டம் வளையம் என்பது அதன் பெயர். கொத்தனாரின் கையில் ஒட்டிக்கொள்ளும் ஆற்றல் அந்த வளையத்தில்தான் இருக்கிறது.

பகைவனும் சும்மா இருக்கவில்லை. நாம் உண்ணும் சோற்றை உமிழ்நீரில் உள்ள நொதி சர்க்கரையாக உடைப்பது போல, இந்த வளையத்தை உடைப்பதற்கென்றே பாக்டீரியா ஒரு நொதியைத் தயாரிக்கிறது. என்சைம் என்று பாடநூல்கள் கூறுவது இதைத்தான். பீட்டா-லாக்டமேஸ் என்னும் இந்நொதி, ஒரு துளி நீர் மூலக்கூறைத் துணைக்கொண்டு வளையத்தை வெட்டித் திறந்துவிடுகிறது. திறந்த வளையம் யார் கையிலும் ஒட்டாது. மருந்து வெறும் குப்பையாகிவிடுகிறது. ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்றவற்றில் இக்காவலன் நிற்கும் இடம் எது தெரியுமா? வெளிச் சவ்வுக்கும் உள் சவ்வுக்கும் இடைப்பட்ட வெளி. இரண்டு மதில்களுக்கு நடுவே! வெளிச் சவ்வில் உள்ள திட்டிவாசல் போன்ற துளைகள் வழியே மருந்து உள்ளே நுழைகிறது. கொத்தனாரை எட்டும் முன்னரே வெட்டுப்பட்டு வீழ்கிறது. வெட்டிய நொதிக்கோ தேய்மானம் இல்லை. இவ்வகையில் பேர்பெற்ற ஒரு நொதியின் ஒரே மூலக்கூறு, நொடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பென்சிலின் மூலக்கூறுகளை உடைத்துத் தள்ள வல்லது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைந்தாக வேண்டும். "எனக்கு அந்த மாத்திரை பழகிப்போய்விட்டது, இப்போதெல்லாம் கேட்பதில்லை" என்று நம் வீடுகளில் பலரும் சொல்கிறார்கள். பழகுவது நம் உடம்பன்று, பழகுவது கிருமி. நம் உடம்பு பழகியிருந்தால் கேடு நம்மோடு முடிந்துவிடும். கிருமி பழகிவிட்டதால், அது நம்மிடமிருந்து அடுத்தவருக்குத் தாவும். தாவும்போது அந்த நொதியையும் கூடவே கொண்டு செல்லும். இக்கட்டுரையில் நாம் சொல்ல வருவதன் சாரம் இதுதான். மற்ற மருந்துகளைத் தவறாக உண்டால் உண்டவருக்குக் கேடு. ஆன்டிபயாடிக்கைத் தவறாக உண்டால், அதைத் தொட்டே பார்க்காதவருக்கும் கேடு.

நோயாளிக்கு முன்னே வந்த எச்சரிக்கை

இது இன்று நேற்றுத் தெரிந்த செய்தியன்று. இலண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பென்சிலினைக் கண்டது 1928இல். ஆக்ஸ்ஃபோர்டில் அதை மருந்தாக வடிக்கும் முயற்சி நடந்துகொண்டிருந்தபோது, அக்குழுவைச் சேர்ந்த எட்வர்ட் ஆபிரகாமும் எர்ன்ஸ்ட் செயினும் ஈ.கோலை பாக்டீரியாவை அரைத்தெடுத்த சாற்றில் பென்சிலினை அழிக்கும் ஒரு நொதி இருப்பதைக் கண்டு, 1940 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். அந்த மருந்தைக் கொண்டு ஆக்ஸ்ஃபோர்டில் முதல் நோயாளிக்குச் சிகிச்சை தொடங்கியதோ 1941 பிப்ரவரியில்! மருந்து நோயாளியை எட்டும் முன்பே, மருந்தை முறிக்கும் நொதி மனிதனுக்குத் தெரிந்துவிட்டது.

1945 டிசம்பரில் நோபல் பரிசு பெற்று ஆற்றிய உரையில் ஃபிளெமிங் ஒரு கற்பனைக் குடும்பத்தை முன்னிறுத்தினார். ஒருவருக்குத் தொண்டை வலி. கடையில் பென்சிலினைத் தாமாகவே வாங்கி உட்கொள்கிறார். கிருமியைக் கொல்லப் போதாத அளவு. ஆனால் கிருமிக்குப் பாடம் கற்பிக்கப் போதுமான அளவு. அவரிடமிருந்து அக்கிருமி அவருடைய மனைவிக்குத் தொற்றுகிறது. அந்த அம்மையாருக்கு நிமோனியா காய்ச்சல் வருகிறது, பென்சிலின் கொடுக்கிறார்கள், பயன் தரவில்லை, அவர் இறந்துபோகிறார். அந்த இறப்புக்குப் பொறுப்பாளி யார் என்று சபையோரைக் கேட்டுவிட்டு, அலட்சியமாக மருந்துண்ட கணவர்தாம் என்று அவரே விடையும் சொன்னார். உலகமே பென்சிலினைக் கொண்டாடிக்கொண்டிருந்த நாளில், கண்டுபிடித்தவர் ஒரு வீட்டுக் கதையைச் சொல்லி எச்சரித்தார். எட்டு பத்தாண்டுகள் உருண்டோடிய பின்னும் அக்கதையின் ஒரு வரிகூடப் பழசாகவில்லை.

மருந்துக்கும் நொதிக்கும் நடந்த ஓட்டம்

அதற்குப் பின் நடந்தது ஓர் ஓட்டப் பந்தயம். பென்சிலினை வெட்டும் நொதி பரவியபோது, வெட்டுக்கு எளிதில் இடம் கொடாத புதிய மருந்துகளை வேதியியலார் படைத்தனர். நொதியின் கையைக் கட்டிப்போடும் கிளாவுலானிக் அமிலம் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து கிடைத்தது. அமாக்சிசிலினோடு அதைச் சேர்த்த மாத்திரை 1981இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. இன்று நம் வீடுகளில் அதை அறியாதார் இல்லை. செஃபலோஸ்போரின் வகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவற்றையும் வெட்டும் நொதிகள் வந்தன. இறுதிக் காப்பாக 1980களில் கார்பபெனம் வகை வந்தது. "எதற்கும் கேட்காவிட்டால் இதற்குக் கேட்கும்" என்று மருத்துவர்கள் கைவசம் ஒதுக்கி வைத்த மருந்து அது.

நொதிகளோ ஓரிடத்தில் அடங்கி இருப்பவை அல்ல. அவற்றைத் தயாரிக்கும் குறிப்பு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்னும் சிறு வட்டச் சுருளில் எழுதப்பட்டிருக்கிறது. பாக்டீரியாக்கள் இரண்டு அருகருகே நின்று, ஒன்று அச்சுருளை நகலெடுத்து மற்றதற்குக் கொடுத்துவிடும். பெற்ற பிள்ளைக்கு மட்டுமன்று. அண்டை வீட்டுக்காரருக்கும், ஏன், வேறு இனத்தைச் சேர்ந்த பாக்டீரியாவுக்கும் கொடுக்கும். ஒரே சுருளில் நான்கைந்து மருந்துகளை முறிக்கும் குறிப்புகள் சேர்ந்தே இருப்பதும் உண்டு. ஒரு வீட்டில் ஒருவர் தேவையின்றி உண்ட மாத்திரை, அச்சுருள் இல்லாத பாக்டீரியாக்களைக் கொன்று, அச்சுருள் உள்ளவற்றுக்கு இடத்தைக் காலி செய்து கொடுக்கிறது. பயிரை அழித்துக் களைக்கு நீர் பாய்ச்சும் வேலை இது.

தரமணியில் திறந்த உண்மை

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். 2008ஆம் ஆண்டு தொடக்கத்தில், இந்திய வம்சாவளியினரான ஸ்வீடன் நாட்டு நோயாளி ஒருவரிடம் கார்பபெனத்துக்கும் அடங்காத கிளெப்சியெல்லா காணப்பட்டது. அவர் அதற்கு முன் புதுடில்லியில் மருத்துவமனையில் இருந்து திரும்பியவர். அந்தக் கிருமியில் அதுவரை உலகம் அறியாத ஒரு நொதி இருந்தது. கண்டவர்கள் அதற்குப் புதுடில்லியின் பெயரைச் சேர்த்து 'என்.டி.எம்.-1' என்று 2009இல் அறிவித்தனர். மற்ற நொதிகள் பலவற்றைப் போலன்றி, இந்நொதி தன் நடுவே இரண்டு துத்தநாக அயனிகளைப் பொதிந்து வைத்துக்கொண்டு அவற்றின் உதவியால் வளையத்தை வெட்டுகிறது. ஆகையால் கிளாவுலானிக் அமிலம் போன்ற பழைய கட்டுகள் அதன் கையில் ஏறவில்லை.

ஒரு நோயாளியிடம் கண்டது ஓர் அபூர்வச் செய்தியாக முடிந்திருக்கக்கூடும். அதை நாட்டின் செய்தியாக்கியதில் சென்னைத் தரமணியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல்.எம். முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அங்கு ஆய்வு செய்த கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்ட கட்டுரை, 2010 ஆகஸ்டில் 'லான்செட்' குழுமத்தின் தொற்றுநோய் இதழில் வெளியாயிற்று. இந்நொதியைத் தாங்கிய பாக்டீரியா மாதிரிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா மற்றும் பாகிஸ்தானின் பிற இடங்களில் 73 என்று அக்கட்டுரை எண்ணிக்கையோடு எடுத்து வைத்தது. பெரும்பாலானவை நாம் மேலே சொன்ன ஈ.கோலையும் கிளெப்சியெல்லாவுமே.

நாடு கொதித்தெழுந்தது, நோயைக் குறித்தன்று, பெயரைக் குறித்து! நாட்டின் தலைநகர் பெயரை ஒரு நொதிக்குச் சூட்டலாமா என்பதே பேச்சாயிற்று. 2011 ஜனவரியில் லான்செட் இதழின் ஆசிரியர் அப்பெயருக்காக வருத்தமும் தெரிவித்தார். வருத்தம் நியாயமானதே. ஆனால் பெயரை மாற்றிவிட்டால் நொதி மாறிவிடுமா? அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு டில்லியின் தண்ணீரைச் சோதித்தது. 50 குடிநீர் மாதிரிகளில் 2இலும், தெருக்களில் தேங்கிக் கசிந்த நீரின் 171 மாதிரிகளில் 51இலும் இந்நொதிக்குரிய மரபணு இருந்தது. மருத்துவமனைச் சுவருக்குள் அடைபட்டதாக எண்ணிய ஒன்று, தெருவில் ஓடிக்கொண்டிருந்தது.

கடற்பாசித் தட்டில் ஒரு தீர்ப்பு

இத்தனை நுட்பமான நொதியை ஆய்வுக்கூடத்தில் எப்படி இனங்காண்கிறார்கள்? நோன்புக் காலத்தில் நம் வீடுகளில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி ஊற்றும் கடற்பாசியை நினைத்துக்கொள்ளுங்கள். அதே வகைப் பாசியிலிருந்து எடுக்கும் அகார்தான் கிருமிகளை வளர்க்கும் தட்டிலும் ஊற்றப்படுகிறது.

முதலில் நோயாளியிடமிருந்து எடுத்து வளர்த்த பாக்டீரியாவைச் சிறிதளவு ஊட்டநீரில் கலக்கிறார்கள். அதில் மெரோபெனம் தோய்ந்த ஒரு சிறு காகித வட்டைப் போட்டு நான்கு மணி நேரம் வெதுவெதுப்பில் வைக்கிறார்கள். பிறகு அவ்வட்டை எடுத்து, எந்த மருந்துக்கும் எளிதில் அடங்கும் அப்பாவி ஈ.கோலை பூசப்பட்ட தட்டின் மேல் வைத்துவிட்டு மறுநாள் பார்க்கிறார்கள். வட்டைச் சுற்றிக் கிருமியே வளராமல் அகலமான தெளிந்த வளையம் தோன்றினால், வட்டில் மருந்து அப்படியே இருக்கிறது என்று பொருள். வட்டின் விளிம்புவரை அந்த அப்பாவிக் கிருமி செழித்து வளர்ந்திருந்தால், மருந்தை முன்னமேயே எவனோ தின்று தீர்த்துவிட்டான் என்று பொருள்.

தின்றவன் துத்தநாகம் தாங்கிய நொதியா என்று அறிய, இன்னொரு குழாயில் உலோகத்தைப் பற்றி இழுத்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. என்னும் பொருளைச் சேர்த்து இதே சோதனையை நடத்துகிறார்கள். துத்தநாகம் பறிபோனதும் நொதி செயலிழந்து, மருந்து பிழைத்து, தட்டில் வளையம் மீண்டும் தோன்றுகிறது. விலை உயர்ந்த கருவி ஏதுமின்றி, காகித வட்டும் பாசித் தட்டும் பொறுமையும் கொண்டு சொல்லப்படும் தீர்ப்பு இது. எந்த மரபணு என்று அறிவதற்கு மட்டுமே மேற்கொண்டு கருவிகள் தேவைப்படும்.

1951இல் தொடங்கிய ஜமால் முஹம்மது கல்லூரி முதல் 1982இல் தொடங்கிய பாரதிதாசன் பல்கலைக்கழகம் வரை, திருச்சி கல்வி நிறுவனங்கள் நிறைந்த ஊர். அறிவியல் படித்தால் மருத்துவம் அல்லது பொறியியல், இரண்டும் கிடைக்காவிட்டால் வேறு ஏதோ ஒன்று என்று பிள்ளைகளின் படிப்பை எடைபோடும் பெற்றோர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். மருத்துவர் எந்த மருந்தை எழுதுவது என்று முடிவு செய்வதற்கு முன்பு, ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து அந்தத் தட்டைப் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். நுண்ணுயிரியல் பயிலும் நம் பெண்மக்களும் பிள்ளைகளும் செய்யப்போகும் பணி அது.

சென்னையிலிருந்து எழுந்த குரல்

2012 ஆகஸ்டில் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் பலவும் சென்னையில் ஒன்றுகூடி, ஆன்டிபயாடிக் எதிர்ப்பை அடக்குவதற்கான வழிமுறையை வகுத்தன. 'சென்னைப் பிரகடனம்' என்று அது பெயர் பெற்றது. அதன் ஒருங்கிணைப்பாளர், தொற்றுநோய் மருத்துவரான டாக்டர் அப்துல் கஃபூர். கிடைக்காத முழுமையைக் கேட்டுக் காலத்தைப் போக்காமல், நம் நாட்டின் நிலையறிந்து படிப்படியாக நடைமுறைக்கு வரக்கூடியதைக் கேட்டதே அப்பிரகடனத்தின் சிறப்பு. மருத்துவரே இல்லாத சிற்றூர்கள் நிறைந்த நாட்டில், எல்லா ஆன்டிபயாடிக்கையும் ஒரே நாளில் சீட்டின்றித் தரக்கூடாது என்றால் ஏழையின் உயிர் போகும். எனவே கடைசிக் காப்பாக உள்ள மருந்துகளையேனும் முதலில் பூட்டி வையுங்கள் என்றனர்.

2013 ஆகஸ்டில் மைய அரசு 'எச்-1' என்னும் புதிய பட்டியலை அறிவித்தது. 2014 மார்ச் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. கடைசிக் காப்பான ஆன்டிபயாடிக்குகளும் காசநோய் மருந்துகளும் உள்ளிட்ட 46 மருந்துகள் அதில் இடம்பெற்றன. இவற்றை விற்கும் கடைக்காரர், எழுதிய மருத்துவர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் மருத்துவர் சீட்டின்றி வாங்காதீர்கள் என்று 2016இல் அரசு விளம்பரமும் செய்தது. 2019 ஜூலையில், கார்பபெனமும் கைவிட்ட நோயாளிக்கு மிஞ்சியிருக்கும் கோலிஸ்டின் என்னும் மருந்தை உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் மீன்களுக்கும் கொடுப்பது தடை செய்யப்பட்டது. சட்டம் வந்துவிட்டது. சட்டத்தை நடைமுறை ஆக்குவது கடையின் இருபுறமும் நிற்பவர்கள் கையில் இருக்கிறது.

மருந்தாய்விலும் தமிழகத்தின் பெயர் ஒலித்தது. சென்னையைச் சேர்ந்த ஆர்க்கிட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டுபிடித்த என்மெட்டசோபாக்டம், செஃபலோஸ்போரின்களை வெட்டும் நொதிகளைக் கட்டிப்போடும் பொருள். அதை செஃபிபீம் என்னும் மருந்தோடு சேர்த்து, சிக்கலான சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்குப் பயன்படுத்த 2024 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி அளித்தது. எனினும் துத்தநாகம் தாங்கிய என்.டி.எம். நொதி அதற்கு அடங்குவதில்லை. அதற்கு வேறொரு தந்திரம். அஸ்ட்ரியோனம் என்னும் பழைய மருந்தை என்.டி.எம். வெட்டுவதில்லை, ஆனால் கூடவே இருக்கும் பிற நொதிகள் வெட்டிவிடும். அந்தப் பிற நொதிகளை அவிபாக்டம் கட்டிப்போட, அஸ்ட்ரியோனம் தன் வேலையைச் செய்கிறது. இந்தக் கூட்டணிக்கு 2024இல் ஐரோப்பாவும் 2025இல் அமெரிக்காவும் அனுமதி தந்தன. 2014இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார், ஒரு பூஞ்சையிலிருந்து கிடைத்த பொருள் இந்நொதியின் துத்தநாகத்தையே பறித்துவிடுவதை எலிகளில் நிறுவிக் காட்டினார்கள். முயற்சிகள் நடக்கின்றன. ஆனால் ஒரு புதிய மருந்து நோயாளியை அடைய ஆண்டுக்கணக்கில் ஆகும். ஒரு பாக்டீரியா இரண்டாகப் பெருக இருபது நிமிடமே போதும்.

நம் வீட்டு அலமாரி

உலகம் முழுவதும் 2019ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக நேர்ந்த இறப்புகள் 12 இலட்சத்து 70 ஆயிரம் என்று 2022இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. யார் அவர்கள்? பிறந்து சில நாட்களே ஆன சிசு, அறுவைச் சிகிச்சை முடித்த தாய், சர்க்கரை நோயால் கால் புண்ணான அத்தா, புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்ளும் சகோதரி என்று எல்லார் வீட்டிலும் இருக்கக் கூடியவர்களே. பிரசவ அறுவையும், டயாலிசிசும், எலும்பு முறிவுக்குத் தகடு வைப்பதும், தொற்று வந்தால் அடக்க மருந்து உண்டு என்ற துணிவில்தான் நடக்கின்றன. அந்தத் துணிவு போனால், நவீன மருத்துவத்தின் பாதிக் கதவு சாத்தப்பட்டுவிடும்.

பாலக்கரையானாலும் பரங்கிப்பேட்டையானாலும், மருந்துக் கடை முன் மாலையில் நின்று பாருங்கள். "அண்ணே, பையனுக்குச் சளி. போன தடவை கொடுத்தீங்களே, அதில் நாலு மாத்திரை கொடுங்க" என்ற குரல் கேட்கும். கடைக்காரரும் கத்தரிக்கோலால் அட்டையை நறுக்கிக் கொடுப்பார். சளியும் பெரும்பாலான காய்ச்சல்களும் வைரசால் வருபவை. வைரசுக்கு நாம் மேலே கண்ட சுவரும் இல்லை, கொத்தனாரும் இல்லை. அந்த நான்கு மாத்திரையும் போய்ச் சேர்வது குடலில் இருக்கும் பாக்டீரியாவுக்குப் பாடம் நடத்தத்தான்.

சவூதிக்கும் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் புறப்படும் பிள்ளையின் பெட்டியில் ஊறுகாய்க்கும் இடியப்ப மாவுக்கும் நடுவே, "அங்கே டாக்டர் செலவு அதிகம்" என்று ஆன்டிபயாடிக் அட்டைகளைச் செருகி வைப்பதும் நம்மிடையே உள்ள வழக்கம். அன்பினால் செய்வதுதான். ஆனால் எந்த நோய்க்கு, எத்தனை நாள் என்று சொல்ல ஆளில்லாத இடத்துக்கு அம்மருந்தை அனுப்புவது, ஃபிளெமிங் சொன்ன அந்த வீட்டுக் கதையை விமானத்தில் ஏற்றி அனுப்புவதாகும்.

எனவே இல்லத்தரசிகளும் குடும்பத் தலைவர்களும் சிலவற்றை உறுதியாகக் கடைப்பிடிக்க வேண்டும். மருத்துவர் எழுதாமல் ஆன்டிபயாடிக் வாங்குவதில்லை. எழுதினால், "இது பாக்டீரியாவுக்கான மருந்தா? எத்தனை நாள் சாப்பிட வேண்டும்?" என்று கேட்கத் தயங்குவதில்லை. எழுதாவிட்டால், "ஒரு ஊசியாவது போடுங்கள்" என்று வற்புறுத்துவதில்லை. மிச்சம் வைத்து மறுமுறைக்குப் பயன்படுத்துவதில்லை. ஒருவருக்கு எழுதியதை மற்றவருக்குக் கொடுப்பதில்லை. கழிப்பறைக்குச் சென்று வந்த பின்னும் சமைக்கும் முன்னும் சோப்பிட்டுக் கைகழுவுவது, குடிநீரைக் கொதிக்க வைப்பது, குழந்தைகளுக்குத் தடுப்பூசியைத் தவறவிடாதிருப்பது ஆகிய மூன்றும், மருந்து தேவைப்படும் நிலையே வராமல் காக்கும்.

இதைப் படித்துவிட்டு மருந்தையே வெறுத்து ஒதுக்கிவிடவும் கூடாது. பச்சிளங்குழந்தை பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடந்தால், நெஞ்சு உள்வாங்கி மூச்சு இழுத்தால், முதியவர் காய்ச்சலோடு நினைவு தடுமாறிப் பேசினால், ஒரு மணி நேரமும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அங்கே ஆன்டிபயாடிக் உயிர் காக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் அது உயிர் காக்க வேண்டும் என்பதற்காகத்தான், மற்ற நாட்களில் அதை வீணாக்க வேண்டாம் என்கிறோம்.

அமானிதம் என்றால் என்னவென்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையில்லை. பிறர் நம்மை நம்பி ஒப்படைத்த பொருள். அதைக் குறைவின்றித் திருப்பித் தருவது கடமை. பென்சிலினும் அதன் வழிவந்த மருந்துகளும் நமக்கு முன்னிருந்தோர் உழைத்து நம்மிடம் விட்டுச் சென்றவை. நாம் காசு கொடுத்து வாங்குவது நான்கு மாத்திரையை மட்டுமே. அதன் ஆற்றலை அன்று. அந்த ஆற்றல் தெருவுக்கும் ஊருக்கும் இன்னும் பிறவாத பேரப் பிள்ளைகளுக்கும் உரியது. இன்றிரவு வீட்டு மருந்து அலமாரியைத் திறந்து பாருங்கள். சிவப்புக் கோடிட்ட, பாதி நறுக்கிய அட்டை ஏதேனும் இருந்தால், அதை இனி யாருக்கும் கொடுக்காதீர்கள். அடுத்த முறை அதுபோல் ஒன்று வீட்டுக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.